மரத்தில் ஒரு போர்க்கப்பல்: முதன்முறை செய்வோர்க்கு

மரத்தாலான மாதிரிப் போர்க்கப்பல் ஒன்றைத் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புவோர் பலர். அவ்விருப்பத்தோடு பெட்டியை வாங்கித் திறப்போரும் பலர். ஆனால் கப்பலை முடித்து மேசைமேல் நிறுத்துவோர் சிலரே. பாதி பலகை ஒட்டிய கப்பல் மீண்டும் பெட்டிக்குள் போகிறது. பெட்டி அலமாரியின் உச்சிக்குப் போகிறது. ஆண்டுகள் பல கழிகின்றன.

இதற்குக் காரணம் கைத்திறன் இன்மையே என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சிறு கத்தியும் அரமும் பிடிக்கத் தெரிந்த எவரும் இத்தொழிலைப் பழகலாம். தொடக்கத்தில் செய்யும் இரண்டு பிழைகளே பெரும்பாலும் முயற்சியை முறித்துவிடுகின்றன. ஒன்று, முதற்கப்பலாகவே மிகப் பெரிய கப்பலைத் தேர்ந்துகொள்வது. மற்றொன்று, வெளியே தெரியப்போகும் உறுப்புகளில் கருத்தைச் செலுத்தி, உள்ளே மறையப்போகும் உறுப்புகளை விரைந்து முடித்துவிடுவது. இவ்விரண்டையும் தவிர்ப்பது எவ்வாறு என்பதை இங்கே காண்போம்.

விளையாட்டுப் பொருள் அன்று

மாதிரிக் கப்பல் என்றதும் சிறுவர் விளையாட்டு என்று சிலர் கருதுவர். வரலாறு வேறு கூறுகிறது. இங்கிலாந்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கடற்படைக் கப்பல்களுக்கு மாதிரிகள் செய்யப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை 1:48 என்னும் அளவில், அதாவது உண்மைக் கப்பலின் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்னும் கணக்கில் அமைந்தவை. கப்பலின் வரைபடங்களும் அதே அளவில் வரையப்பட்டன. அம்மாதிரிகள் பலவற்றில் அடிப்பகுதிக்குப் பலகை போர்த்தாமல் விட்டிருப்பர். உள்ளே வரிசையாக நிற்கும் விலாச்சட்டங்கள் கண்ணுக்குத் தெரியும். கப்பல் எவ்வாறு எழுந்து நிற்கிறது என்பதைக் காட்டவல்ல மாதிரிகள் அவை. அவற்றுள் பலவும், கடற்படைக் கப்பல்களின் பழைய வரைபடங்களும் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

மற்றொரு சான்றும் உண்டு. பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் 1793 முதல் 1815 வரை இடையிடையே நடந்த போர்களில் சிறைப்பட்ட பிரெஞ்சு வீரர் பலர், இங்கிலாந்தின் சிறைமுகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். உணவில் கிடைத்த இறைச்சியின் எலும்பைச் சேர்த்துவைத்து, அதைச் சீவி, தேய்த்து, மிக நுண்ணிய போர்க்கப்பல் மாதிரிகளை அவர்கள் செய்தனர். அவற்றை விற்றுப் பொருளும் ஈட்டினர். அவர்களிடம் சிறந்த கருவிகள் இருந்தனவா? இல்லை. காலமும் பொறுமையும் இருந்தன. இத்தொழிலுக்கு முதலில் வேண்டுவன எவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

எக்கப்பலைத் தேர்வது?

புதிதாகத் தொடங்குவோரின் கண் முதலில் செல்வது ‘விக்டரி’ என்னும் கப்பலின்மேல்தான். 1805இல் நிகழ்ந்த டிரபால்கர் போரில் நெல்சன் ஏறிநின்ற கப்பல் அது. இன்றும் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் அதைக் காணலாம். மூன்று பீரங்கித் தளங்கள், மூன்று பாய்மரங்கள், நூறு பீரங்கிகள். 1:72 அளவில் அதன் மாதிரியைச் செய்தால், முன்னே நீண்டிருக்கும் மரத்தையும் சேர்த்து நீளம் நாலரை அடியைத் தொடும். ஒரு பீரங்கிக்குத் தாங்குவண்டியும் கயிறும் கப்பியும் பொருத்தக் கற்றுக்கொள்வது இன்பம். அதையே நூறு முறை செய்வது வேறு. பயிற்சி பெற்றவர்க்கே பல ஆண்டுகள் பிடிக்கும் வேலையை முதன்முதலில் எடுத்துக்கொள்வது, அரிச்சுவடி முடிக்காத மாணவன் கையில் தொல்காப்பியத்தைக் கொடுப்பது போன்றது.

இனி, ‘ஷெர்போர்ன்’ என்னும் கப்பலைப் பார்ப்போம். 1763இல் உல்விச் கப்பல் தளத்திலிருந்து நீரில் இறக்கப்பட்ட சிறு கப்பல் இது. ‘கட்டர்’ என்னும் வகையைச் சேர்ந்தது. நீளம் 54 அடி 6 அங்குலம். அகலம் 19 அடி. ஒரே பாய்மரம், சில சிறு பீரங்கிகள். ஆங்கிலக் கால்வாயில் கள்ளக் கடத்தலைத் தடுப்பதே இதன் முதன்மைப் பணி. கடத்தற்காரரின் படகுகள் விரைந்தோடுபவை. அவற்றைத் துரத்திப் பிடிக்க, உடலுக்கு மிஞ்சிய பெரும்பாய் விரித்தோடும் இத்தகைய கப்பல்கள் பயன்பட்டன.

பெரிய ‘விக்டரி’யையும் சிறிய ‘ஷெர்போர்ன்’ கப்பலையும் வரைந்தவர் ஒருவரே. 1755 முதல் 1771இல் மறையும் வரை கடற்படையின் கப்பல் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்றிருந்த சர் தாமஸ் ஸ்லேட் என்பவர்தாம் அவர். பெரிய கப்பலில் உள்ள ஏராவும் விலாவும் பலகை வளைவும் சிறிய கப்பலிலும் உள்ளன. குறைந்திருப்பவை பருமனும் எண்ணிக்கையுமே. ஆதலின் சிறு கட்டரைச் செய்பவர் கல்வியில் எதையும் இழப்பதில்லை. அதே கல்வியை, முடித்துவிடக் கூடிய அளவில் பெறுகிறார். முடித்த சிறு கப்பல் ஒன்று, முடியாத பெருங்கப்பல் பத்தினும் மிகுதியாகக் கற்பிக்கும்.

அளவுக் கணக்கு

இத்தகைய கட்டர்களுக்கு 1:64 என்னும் அளவு பெரிதும் வழங்குகிறது. உண்மையில் 64 அங்குலமாக இருப்பது மாதிரியில் 1 அங்குலமாகும். 5 அடி 4 அங்குல உயரமுள்ள மாலுமி ஒருவர் இம்மாதிரியின் தளத்தில் சரியாக 1 அங்குல உயரத்தில் நிற்பார். ‘ஷெர்போர்ன்’ கப்பலின் 54 அடி 6 அங்குல நீளம் ஏறத்தாழ 26 சென்டிமீட்டராகவும், 19 அடி அகலம் 9 சென்டிமீட்டராகவும் சுருங்கும். 10 அங்குல அகலமுள்ள தளப்பலகை 4 மில்லிமீட்டர் அகலச் சட்டமாகும்.

கயிற்றுக்கும் இக்கணக்கு உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். பழைய கப்பல்களில் கயிற்றைச் சுற்றளவால் அளந்தனர். 6 அங்குலக் கயிறு என்றால் அதன் சுற்றளவே 6 அங்குலம். விட்டம் 2 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. மாதிரியில் அதற்கு முக்கால் மில்லிமீட்டர் நூல் போதும். சுற்றளவை விட்டமாகக் கொண்டவரின் கப்பலில் கயிறெல்லாம் வடமாகிவிடும்.

இக்கணக்கு இன்னொன்றையும் உணர்த்துகிறது. மாதிரியில் 1 மில்லிமீட்டர் பிழை என்பது உண்மைக் கப்பலில் இரண்டரை அங்குலப் பிழை. ‘ஒரு மில்லிமீட்டர்தானே’ என்று விடுவது எவ்வளவு பெரிய விடுகை என்பது இப்போது விளங்கும்.

பெட்டிக்குள் இருப்பவையும் அவற்றின் பெயர்களும்

‘கிட்’ என்று வழங்கும் பெட்டியைத் திறந்தால் வெட்டுக்கோடு இட்ட ஒட்டுப்பலகைகள், கட்டுக்கட்டாக மெல்லிய மரச்சட்டங்கள், பாய்மரத்திற்கான உருண்டைக் குச்சிகள், நூலுருண்டைகள், சிறு கப்பிகள், உலோகப் பீரங்கிகள், வரைபடங்கள், செய்முறை நூல் ஆகியவை இருக்கும். இந்நாளில் ஒட்டுப்பலகையை ஒளிக்கதிரால் துல்லியமாக வெட்டித் தருகின்றனர். எனினும் துல்லியமாக வெட்டிய உறுப்பு துல்லியமாகப் பொருந்தும் என்பதில்லை. பொருத்துவது கையின் வேலை.

செய்முறை நூல் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ வேறோர் ஐரோப்பிய மொழியிலோ இருக்கும். உறுப்புகளின் பெயர்கள் தமிழாசிரியர்க்கும் புதியனவாகத் தோன்றலாம். ஆனால் கடலோடு பழகிய தமிழர் இவ்வுறுப்புகளுக்குப் பெயரிடாமல் விட்டாரல்லர். கப்பலின் அடியில் முன்பின்னாக ஓடும் முதுகெலும்பு போன்ற கட்டை ஏரா. அதன்மேல் இருபுறமும் எழும் விலாச்சட்டம் வங்கு. கப்பலின் முன்பகுதி அணியம். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பலகை இடுக்குகளில் நாரையும் பிசினையும் அடைத்து நீர் புகாமல் செய்வது கலப்பத்து. சங்கப் பாடல்களில் பாய்மரம் கூம்பு என்று வழங்குகிறது. அகராதியில் படித்தால் இச்சொற்கள் ஒரு நாளில் மறந்துபோகும். கையில் பொருளை வைத்துக்கொண்டு சொன்னால் மறப்பதில்லை. இக்கட்டுரையிலும் இச்சொற்களையே ஆள்வோம்.

ஏராவும் வங்கும்

பெட்டியில் வரும் மாதிரிகளில் ஏராவும் அதற்கு மேலுள்ள நடுப்பகுதியும் ஒரே ஒட்டுப்பலகையாக வெட்டப்பட்டிருக்கும். வங்குகளுக்கு ஈடாக, குறுக்குவெட்டு வடிவிலுள்ள பலகைகள் பத்துக்கு மேற்பட்டவை அதன் பிளவுகளில் வரிசையாகச் செருகப்படும். இவ்வெலும்புக்கூடே கப்பலின் வடிவை முடிவு செய்கிறது. பின்னர் இடும் பலகையும் பூச்சும் இவ்வடிவை மறைக்குமே தவிர மாற்றா.

ஆதலின் முதலில் நடுப்பலகை நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கண்ணை மூடி, மறுகண்ணால் அதன் விளிம்பு வழியே நோக்கினால் வளைவு தெரிந்துவிடும். வளைந்திருந்தால் ஈரப்படுத்தி, சமமான பலகைகளுக்கிடையே வைத்துப் பாரம் ஏற்றி, நன்றாக உலரும் வரை விட வேண்டும். அதன்பின் வங்குகளைப் பசையின்றிச் செருகிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக நுழைவதை அரத்தால் தேய்க்கலாம். அடித்து நுழைத்தால் நடுப்பலகை வளையும். ஒவ்வொரு வங்கும் நடுப்பலகைக்கு நேர்க்கோணத்தில் நிற்கிறதா என்பதைத் தச்சர் மூலைமட்டத்தால் சோதிப்பதுபோலச் சோதித்த பின்னரே பசையிட வேண்டும்.

பசையைப் பற்றியும் ஒரு சொல். நொடியில் பிடிக்கும் பசை விரைவானது. ஆனால் பிழையையும் நொடியில் நிலைநாட்டிவிடும். தச்சர் பயன்படுத்தும் சாதாரண வெள்ளை மரப்பசை மெல்லப் பிடிக்கும். திருத்த நேரம் தரும். நீர் தாங்கும் வகையல்லாத வெள்ளைப் பசையைப் பின்னொரு நாள் ஈரத்தால் இளக்கிப் பிரிக்கவும் இயலும். முதற்கப்பலுக்கு இதுவே ஏற்றது.

விளிம்பைச் சீவுதல்

பலரும் கடந்து போகும் படி இதுதான். வங்குகளின் விளிம்பு வெட்டியபடியே நேராக இருக்கும். ஆனால் கப்பலின் உடல் அணியத்தை நோக்கிக் குறுகுகிறது. எனவே வளைந்து வரும் பலகை, வங்கு விளிம்பின் ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், முழுப்பரப்பிலும் படியாது. அவ்விளிம்பைச் சாய்வாகச் சீவினால்தான் பலகை நன்கு படிந்து பசை பிடிக்கும். நடுவிலுள்ள வங்குகளுக்குச் சாய்வு மிகச் சிறிதே, அணியத்தருகில் மிகுதி.

எவ்வளவு சீவுவது? கண்ணால் மட்டும் முடிவு செய்யலாகாது. மெல்லிய சட்டம் ஒன்றை எடுத்து வங்குகளின்மேல் பல உயரங்களில் வளைத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். எல்லா வங்குகளையும் தொட்டுச் சட்டம் மேடுபள்ளமின்றி ஓடினால் சரி. ஓரிடத்தில் தூக்கினால் அவ்வங்கைத் தேய்க்க வேண்டும். ஓரிடத்தில் இடைவெளி விட்டால் அங்கே மெல்லிய மரத்துண்டை ஒட்டி உயர்த்த வேண்டும். இவ்வேலைக்கு ஒரு வாரம் செலவிட்டாலும் அது வீண் அன்று.

பின்பகுதியில் மற்றொரு கணக்கு மறைந்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, நடுப்பலகையின் கனம் 5 மில்லிமீட்டர். முதற்பலகை ஒன்றரை, இரண்டாம் பலகை ஒன்று எனக் கொள்வோம். இருபுறமும் சேர்த்துப் பலகைகளின் கனமே 5 ஆகிறது. மொத்தம் 10. ஆனால் அவை போய்ச் சேரும் பின்தூணின் அகலம் 5 மட்டுமே. முன்னரே நடுப்பலகையின் பின்பகுதியையும், முதற்பலகைகளின் முனைகளையும் தேய்த்து மெலிதாக்காவிட்டால், கப்பலின் பின்புறம் தடித்து, சுக்கான் பொருந்தாமல் நிற்கும்.

பலகை போர்த்துதல்

இதுவே தொடங்குவோர் அஞ்சும் பகுதி. அஞ்ச வேண்டியதில்லை, இது பெரும்பாலும் கணக்கு. மிளகாய்ப்பழத்தின் மேல் ஒரே அகலமுள்ள நாடாக்களை நெடுக ஒட்ட முயன்றால் என்ன ஆகும்? நடுவில் சரியாக அமையும் நாடாக்கள் முனையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கப்பலும் அவ்வாறே.

நடு வங்கில், மேல்தளக் கோட்டிலிருந்து ஏரா வரை காகித நாடாவால் அளக்கிறோம். 100 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பலகையின் அகலம் 5 மில்லிமீட்டர். ஆகவே 20 பலகைகள் வேண்டும். அணியத்தருகிலுள்ள வங்கில் அளந்தால் 64 மில்லிமீட்டரே இருக்கிறது. அங்கும் அதே 20 பலகைகள் அடங்க வேண்டுமானால், ஒவ்வொன்றும் 3.2 மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு வங்கிலும் அளந்து, வகுத்து, பென்சிலால் குறித்து, குறித்தபடி பலகையின் ஓரத்தைச் சீவினால், அவை தாமே வரிசையாக அமையும். பலகை பாதி அகலத்துக்கும் கீழாகக் குறுகுமானால் கூரான முனை பிளக்கும். அப்போது இரண்டு பலகைகளின் இடத்தை முனையில் ஒரே பலகைக்கு விட்டுவிடலாம். பின்பகுதியில் சில இடங்களில் பரப்பு விரிந்து இடைவெளி விழும். அங்கே ஆப்பு வடிவத் துண்டைச் சேர்க்கலாம். உண்மைக் கப்பலைக் கட்டிய தச்சரும் இவ்விரு முறைகளையும் கையாண்டனர்.

வளைப்பதற்குப் பலகையை நீரில் ஊறவைத்துச் சூடு காட்டுவர். இங்கே நம் தட்பவெப்பம் குறுக்கிடுகிறது. மரம் ஈரத்தில் நீளவாக்கில் ஏறத்தாழ மாறுவதில்லை, அகலவாக்கில் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். ஈரத்தோடு ஒட்டிய பலகைகள் உலர்ந்தபின் ஒவ்வோர் இடுக்கிலும் மயிரிழை விட்டு நிற்கும். ஆதலின் ஊறிய பலகையை வடிவில் கட்டி, முற்றும் உலரவிட்டு, அதன்பின் பசையிட வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் காற்றில் உலர்வதற்குக் காலம் மிகுதியாகும். மழைநாளில் ஓர் இரவு போதாது.

பலகைகளை வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என மாறிமாறி ஒட்ட வேண்டும். இவ்விதியை எல்லாச் செய்முறை நூல்களும் கூறும், பலரும் மதிப்பதில்லை. நானும் மதிக்கவில்லை. என் முதற்கப்பலில் ஒரு பக்கம் நன்றாக வருகிறதென்று மகிழ்ந்து அப்பக்கத்தையே தொடர்ந்து ஒட்டினேன். உலரும் பலகைகள் ஒரே பக்கமாக இழுத்ததில் ஏரா முறுக்கிக்கொண்டது. கண்ணுக்கு அப்போது தெரியவில்லை. பாய்மரத்தை நிறுத்திய நாளில், கப்பலை எப்படித் திருப்பி வைத்தாலும் மரம் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. குறை மரத்தில் இல்லை; மூன்று மாதத்திற்கு முன் நான் மூடிவைத்த இடத்தில் இருந்தது. வெள்ளைப் பசையாக இருந்தமையால் ஈரத்துணி சுற்றிப் பலகைகளைப் பிரித்து மீண்டும் செய்ய முடிந்தது. அலமாரி உச்சிக்குப் போகவிருந்த கப்பல் அவ்வாறு பிழைத்தது.

இரண்டு அடுக்குப் பலகை இடும் பெட்டியே முதல் முயற்சிக்கு உகந்தது. முதலடுக்கு மென்மையான லைம் மரம் போன்றது. அதில் இடைவெளி விழுந்தால் மரமாவைக் கொண்டு அடைக்கலாம். மேடானால் உப்புத்தாளால் தேய்க்கலாம். அதன்மேல் மெல்லிய வால்நட் மரமோ வேறு நல்ல மரமோ இரண்டாம் அடுக்காக வரும். முதலடுக்கு கற்கும் இடம். இரண்டாமடுக்கு கற்றதைக் காட்டும் இடம். ஆனால் முதலடுக்கை வழவழப்பாக்காமல் இரண்டாவதை ஒட்டினால், அடியிலுள்ள ஒவ்வொரு மேடும் மேலே எழுந்து தெரியும். கண்ணைவிட விரல்நுனி இதை நன்கு அறியும். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பதே சிறந்த சோதனை.

தளமும் பீரங்கியும் நிறமும்

மேல்தளத்தில் 4 மில்லிமீட்டர் சட்டங்களை நெடுக ஒட்டுவர். உண்மைக் கப்பலில் பலகைகளுக்கிடையே கலப்பத்து செய்த கருங்கோடு தெரியும். மாதிரியில் அதற்காகச் சட்டத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலை ஒருமுறை இழுத்துவிட்டு ஒட்டினால் போதும். மை தீட்டினால் மரத்தில் ஊறிப் பரவிவிடும்.

பீரங்கிகளை அவை எறியும் குண்டின் எடையால் பெயரிட்டு வழங்கினர். 3 பவுண்டு பீரங்கி என்பது 3 பவுண்டுக் குண்டை எறிவது. ‘விக்டரி’யின் கீழ்த்தளத்தில் இருந்தவை 32 பவுண்டு பீரங்கிகள், கட்டரில் இருந்தவை சிறியவை. நாலரை அடி நீளமுள்ள பீரங்கி 1:64 அளவில் 21 மில்லிமீட்டர்தான். அதைப் பளபளக்கும் கருமையில் தீட்டினால் விளையாட்டுப் பொருள்போல் தோன்றும். மங்கிய கருமையே பொருந்தும். ஒவ்வொரு பீரங்கிக்குப் பின்னும் தடித்த கயிறு ஒன்று சுற்றிப் பக்கச்சுவரில் கட்டப்பட்டிருக்கும். சுட்டதும் பின்னோக்கிப் பாயும் பீரங்கியைத் தடுத்து நிறுத்துவது அது. அக்கயிற்றை இழுத்துக் கட்டாமல், பீரங்கி பின்வாங்க இடம் விட்டுத் தொய்வாக வைக்க வேண்டும். பயனை அறிந்தவர் கட்டிய கயிறு என்று அதைப் பார்த்ததும் தெரியும்.

பக்கச்சுவரின் உட்புறத்தைப் பலர் செந்நிறத்தில் தீட்டுவர். குருதிக்கறை தெரியாதிருக்கவே இந்நிறம் என்று ஒரு கதை வழங்குகிறது. மண்ணிலிருந்து எடுக்கும் செங்காவி மலிவானது, மரத்தைக் காப்பது என்னும் விளக்கமே பொருத்தமாக இருக்கிறது.

பாய்மரமும் கயிறும்

கட்டருக்குப் பாய்மரம் ஒன்றே. அதன் பின்புறம் பெரும்பாய் ஒன்று, மேலே சாய்ந்த பருமலுக்கும் கீழே நீண்ட பருமலுக்கும் இடையே விரியும். அணியத்திலிருந்து நீண்ட மரம் ஒன்று முன்னோக்கிச் செல்லும். முக்கோணப் பாய்களின் கயிறுகள் அதிலிருந்து எழும். பருமலின் உருண்டைக் குச்சியை நுனி நோக்கி மெல்லியதாக்க வேண்டும். குச்சியைச் சுழற்றித் தேய்ப்பதைவிட, முதலில் நான்முகமாகவும் பின்னர் எண்முகமாகவும் சீவி, இறுதியில் உருட்டுவது நடுக்கோட்டைத் தவறவிடாத முறை.

கயிறுகள் இருவகை. பாய்மரத்தை அசையாமல் பிடித்து நிற்கும் கயிறுகள் ஒருவகை. பாயையும் பருமலையும் ஏற்றி இறக்கும் ஆஞ்சான் முதலிய ஓடுகயிறுகள் மற்றொரு வகை. நிலையாக நிற்பவற்றுக்கு மழையும் உப்புக்காற்றும் தாங்கத் தார் பூசினர், அவை கருமையானவை. கப்பி வழியே ஓடுபவை வெளிறிய சணல் நிறத்தவை. இவ்வேறுபாட்டை அறிந்தவர்க்கு எந்நூல் எங்கே என்பது குழப்பம் தராது. நூலைத் தேன்மெழுகின்மேல் ஒருமுறை இழுத்தால் மேலெழும் பிசிறு படியும்.

நிலைக்கயிறுகளை முதலில் கட்ட வேண்டும். அவற்றையும் வலம் ஒரு சோடி, இடம் ஒரு சோடி என மாறிமாறியே கட்ட வேண்டும். ஒருபுறமே கட்டினால் மரம் அப்புறம் சாயும். பலகை போர்த்தும்போது கற்ற அதே பாடம் இங்கே திரும்ப வருகிறது. பக்கக்கயிறுகளின் குறுக்கே ஏணிப்படிபோல நூல் கட்டும்போது, முடிச்சை மிக இறுக்கினால் கயிறுகள் உள்நோக்கி இடுங்கிப் போகும். பின்னால் ஓர் அட்டையில் நேர்க்கோடுகள் வரைந்து வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே கட்டினால் இக்குறை வராது.

முடிவாக

கப்பல் முடிந்தபின் பார்ப்போர் பீரங்கியை எண்ணுவர், கயிற்றை வியப்பர். வங்கின் சாய்வைப் பற்றி எவரும் கேட்கமாட்டார். ஆனால் பாய்மரம் நேராக நிற்பதும், பலகைக்கோடுகள் அணியத்தில் ஒழுங்காகக் கூடுவதும், சுக்கான் இடையூறின்றிப் பொருந்துவதும் எவரும் கேளாத அவ்வேலையினால்தான்.

பள்ளியில் கைத்தொழில் நேரம் வாய்க்கும் ஆசிரியர்கள் இதை ஒரு சிறு குழுவுக்குக் கற்பிக்கலாம். விகிதக் கணக்கு, மரத்தின் இயல்பு, கடல் வரலாறு, பழந்தமிழ்ச் சொல் ஆகிய நான்கும் ஒரே மேசையில் கூடும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதன்று. மாணவர் கையில் கொடுக்க வேண்டியது ‘விக்டரி’ அன்று. ஒரே பாய்மரமுள்ள, 26 சென்டிமீட்டர் நீளச் சிறு கட்டர் போதும். ஏராவை நேராக்கவும், வங்கைச் சீவவும், வலமிடமாக மாறிமாறிப் பலகை ஒட்டவும் அது கற்பித்துவிடும். அதை முடித்தவர் விரும்பினால் பின்னொரு நாள் பெருங்கப்பலையும் தொடங்கலாம். அது அலமாரி உச்சிக்குப் போகாது.